படம் மாட்டிய சுவர்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை உரக்கடையோ டீக்கடையோ, கொஞ்சம் பழைய கடையாக இருந்தால் கல்லாவுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள். சாமி படம் இருக்கும். பக்கத்தில் கடையைத் தொடங்கிய பெரியவர், பொட்டும் பிளாஸ்டிக் மாலையுமாக. பல கடைகளில் மூன்றாவதாக இன்னொரு படமும் இருக்கும்: கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர். காலையில் ஊதுவத்தி மூன்று படத்துக்கும் சேர்த்தே காட்டப்படும். யார் இவர் என்று வெளியூர்க்காரர் கேட்டால் “பென்னிகுவிக் ஐயா” என்று பதில் வரும். இதுகூடத் தெரியாமலா கம்பத்துக்கு வந்தீர்கள் என்ற தொனி அதில் ஒட்டியிருக்கும்.

உங்கள் பக்கம் ஓவியக் கண்காட்சி, புகைப்படக் கண்காட்சி ஏதாவது நடக்குமா என்று சென்னை நண்பர்கள் கேட்கும்போது நான் இந்தக் கல்லாச் சுவரைத்தான் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். வெள்ளைச் சுவர், மேலிருந்து விழும் மஞ்சள் விளக்கு, மூலையில் கருத்துப் புத்தகம் என்று ஓவியத்துக்காகவே ஒதுக்கிய கேலரி எதையும் நான் இந்தப் பள்ளத்தாக்கில் பார்த்ததில்லை. அதற்காக இது படம் பார்க்காத ஊர் ஆகிவிடாது. இங்கே யாரும் படம் பார்க்கவென்று கிளம்பிப் போனதில்லை, அவ்வளவுதான். அரிசி வாங்க, பஸ்ஸுக்கு நிற்க, முடி வெட்டப் போன இடத்தில் படம் இருந்தது.

பென்னிகுவிக் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1841-இல் பிறந்து 1911-இல் இறந்த ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். அவர் தலைமையில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை மலைக்குள் சுரங்கம் குடைந்து கிழக்கே திருப்பியது. பள்ளத்தாக்கில் இருபோகம் விளைந்தது. சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்பது ஊரின் பேச்சு. ஆவணத்தில் அதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்பது ஆய்வாளர்களின் பேச்சு. ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கையில் கிடைத்த ஓரிரு பழைய புகைப்படங்களைப் பார்த்து, போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்டுகள் அவரைத் திரும்பத் திரும்ப வரைந்தார்கள். சின்னப் படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் தகரத்தின் மேல் பெரிதாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி வரைகிற முறை. மூலப்படமோ கருப்பு வெள்ளை. தோலின் நிறத்தை ஆர்ட்டிஸ்டுதான் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் ரோஸ் கலந்தார், இன்னொருவர் மாநிறத்தில் நிறுத்திக்கொண்டார். கம்பத்துப் பென்னிகுவிக்குக்கும் உத்தமபாளையத்துப் பென்னிகுவிக்குக்கும் அண்ணன் தம்பி ஜாடைதான். வாழ்நாளெல்லாம் சினிமா பேனர் வரைந்த கை வரைந்த ஒரு படத்தில் அவருக்கு எம்.ஜி.ஆர். கன்னம் வந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். யாரும் குறை சொல்லவில்லை. அந்த எனாமல் படங்களுக்குக் கீழே வலது மூலையில் ஏதோ ஒரு ‘ஆர்ட்ஸ்’ என்று சின்ன எழுத்தில் கையெழுத்தும் இருக்கும்.

2011 டிசம்பரில் கேரளத்தோடு அணைப் பிரச்சினை வெடித்து, பள்ளத்தாக்கே திரண்டு குமுளிச் சாலையில் இறங்கியபோது பென்னிகுவிக் ஃபிளெக்ஸுக்கு வந்தார். 2013 ஜனவரி 15-ஆம் தேதி, அவர் பிறந்தநாளன்று, லோயர் கேம்ப்பில் அரசு கட்டிய மணிமண்டபம் வெண்கலச் சிலையோடு திறக்கப்பட்டது. 2014 மே 7-இல் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாளில் ஊரெங்கும் அவர் முகம்தான். அதற்குள் எல்லா டிசைன் சென்டர்களிலும் ஒரே கோப்பு சுற்ற ஆரம்பித்திருந்தது. ஒரே முகம், ஒரே நிறம், பின்னால் ஒரே அணை. ஜாடை வித்தியாசம் தீர்ந்துபோனது. இப்போதைய படம் மூலத்தோடு அச்சாகப் பொருந்துகிறது என்பது உண்மை. எனக்கென்னவோ எம்.ஜி.ஆர். கன்னத்து வெள்ளைக்காரரையே அதிகம் பிடித்திருக்கிறது. அவரைப் பார்த்து வரைந்த ஒரு ஆள் இருந்தார் என்பது அதில்தான் தெரிந்தது.

சுவரில் படம் என்கிற பழக்கத்துக்கு இந்தப் பக்கத்தில் மூத்த சாட்சி போடிநாயக்கனூர் ஜமீன் அரண்மனை. அங்குள்ள லட்சுமி விலாசத்தின் சுவர்களில் 19-ஆம் நூற்றாண்டில் ராமாயணத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். நாயக்கர் காலத்திலிருந்து வருகிற மரபு அது. நல்ல காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து அழகாக நிறுத்திவிட்டுப் போகிற வேலை கிடையாது. கதையை விடாமல் சொல்லிக்கொண்டே போவார்கள், பார்ப்பவர் சுவரோடு நடக்க வேண்டும். ஓவியர் பெயர் போட்டுக்கொள்கிற வழக்கமும் அதில் கிடையாது. ஜமீனைப் பார்க்க வந்தவர்களும் உறவுக்காரர்களும் அந்தச் சுவரோடு நடந்திருப்பார்கள். குத்தகை கட்ட வந்தவர் வாசலோடு திரும்பியிருப்பார். ஆக, அன்று படம் எல்லோருக்குமாக இருந்தது என்று ஏக்கத்தோடு எழுத எனக்கு வாய் வரவில்லை. இன்றும் அது தனியார் சொத்துதான், நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. ராமநாதபுரத்தில் சேதுபதிகளின் ராமலிங்க விலாசத்தைத் தொல்லியல் துறை எடுத்துப் பராமரிக்கிறது. அங்கே சீட்டு வாங்கி யாரும் சுவரைப் பார்க்கலாம். போடியில் பிறந்த பிள்ளைகள் பலர் தங்கள் ஊர் ராமாயணத்தை முதலில் பார்ப்பது போனில்தான்.

சாதாரண சனங்களின் முகம் சுவருக்கு ஏறியது ஸ்டுடியோக்காரர்களால். பெரியகுளம், தேனி, போடி, கம்பம் என்று பஸ் நிற்கிற ஊர்களில் எல்லாம், பெரும்பாலும் பஸ் நிலையத்தை ஒட்டி, ஒரு ஸ்டுடியோ இருந்தது. வாசலில் கண்ணாடி ஷோகேஸ். உள்ளே கல்யாண ஜோடி, முதல் பட்டதாரி, மொட்டைத்தலைக் குழந்தை, பரதநாட்டிய உடுப்பில் ஒரு சிறுமி. பஸ் வரும்வரை சனம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும். யார் மகன், யார் மருமகள் என்று விசாரணை நடக்கும். கல்யாணமாகாத பெண்ணின் படத்தை ஷோகேஸில் வைத்துவிட்டால் அன்றைக்குச் சாயங்காலமே வீட்டு ஆண்கள் வந்து நிற்பார்கள். வைக்கச் சொல்லியும் வைக்காமல் விட்டதற்கு மனவருத்தப்பட்ட வீடுகளும் உண்டு. எதை மாட்டுவது, எதை மாட்டக் கூடாது என்று இன்று கண்காட்சிப் பொறுப்பாளர்கள் படுகிற பாட்டை அந்த ஸ்டுடியோக்காரர் மாதா மாதம் பட்டார்.

உள்ளே போனால் திரைச்சீலை. அதில் மாடிப்படி, ரோமானியத் தூண், பூந்தொட்டி, தூரத்தில் மலை, மலையிலிருந்து ஒரு அருவி. ஸ்டுடியோக் கதவைத் திறந்து மேற்கே பார்த்தால் நிஜ மலை நிற்கிறது, ஒரு பஸ் பிடித்தால் சுருளி அருவி. ஆனாலும் வரைந்த மலைக்கு முன்னால்தான் உட்கார்ந்தார்கள். நிஜ மலை வேலைக்குப் போகிற இடம். விடியுமுன் ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டிய பிறகு இறங்கி வருகிறவருக்கு அதைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளத் தோன்றாது. திரைச்சீலை மலையில் அட்டை கடிக்காது.

அந்தத் தொழிலில் எனக்கு எப்போதும் வியப்பு தந்தது கேமராவைவிட ரீடச்சிங் மேசைதான். சாய்வான பலகை, நடுவில் பால் கண்ணாடி, அடியில் வெளிச்சத்தை மேலே திருப்பும் முகம் பார்க்கும் கண்ணாடி. பலகையில் நெகட்டிவ். உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கிய பென்சில். நெகட்டிவில் முகமே கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும், வெளுப்பு கருப்பாகவும் கருப்பு வெளுப்பாகவும் தெரியும். கண்ணுக்கடியில் விழுந்த நிழலும் அம்மைத் தழும்பும் நெகட்டிவில் தெளிந்த புள்ளிகளாக இருக்கும். அந்தப் புள்ளிகளைப் பென்சிலால் மெல்ல அடைத்தால் அச்சில் தோல் சமமாகிவிடும். கொஞ்சம் அழுத்தினால் அச்சில் வெள்ளைக் கீறல். தலைகீழாகத் தெரியும் முகத்தில், அச்சானால் என்ன ஆகும் என்று மனதுக்குள் திருப்பிப் பார்த்தே வேலை செய்ய வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால் இந்த வேலைக்குத் தனிக் கவனம். பாட்டிக்கு ஒரு படம்கூட எடுத்து வைக்காமல் அவர் போய்விட்டால், யார் வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவிலிருந்தாவது தலையை மட்டும் பெரிதாக்கி, கீழே பட்டுப்புடவையும் நாற்காலியும் வரைந்து, கன்னத்துக்கும் புடவைக் கரைக்கும் வர்ணம் தீட்டிக் கொடுப்பார்கள். ஓவியம் எங்கே முடிகிறது, புகைப்படம் எங்கே தொடங்குகிறது என்று கேலரிகளில் இன்று பெரிய விவாதம் நடக்கிறது. கம்பத்து இருட்டறையில் அதற்கு விவாதமில்லாமல் கூலி வாங்கினார்கள்.

இப்போது கல்யாண ஜோடிகள் மேகமலைக்கும் சுருளிக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் அவுட்டோர் போகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகு பந்தலுக்கடியில் படமெடுக்க வருகிற கூட்டம் இன்னும் கூடிவிட்டது. ட்ரோன் மேலே போகிறது, கேமராக்காரர் தேயிலைச் சரிவில் படுத்துக்கொண்டு எடுக்கிறார். பிறகு கணினியில் வானத்தை மாற்றி, பச்சையை நீலத்துக்கு இழுத்து, மூடுபனியைக் கூட்டுகிறார்கள். ஆல்பத்தில் பார்த்தால் நிஜ மேகமலை அப்படியே பழைய திரைச்சீலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. மலை வேலைக்கான இடம் என்ற நினைப்பு இந்தத் தலைமுறையில் பல வீடுகளுக்கு மறந்துவிட்டது. நல்லதுதான் என்று நினைக்கிறேன், அட்டைக்கடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

போர்டு ஆர்ட்டிஸ்டுகளின் கதை இவ்வளவு இதமாக முடியவில்லை. 2000-களின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் வந்தது. சில ஆண்டுகளில் தியேட்டர் பேனர், கட்சி விளம்பரம், கடை போர்டு எல்லாம் மெஷினுக்குப் போயின. சிலர் கும்பாபிஷேகத்துக்குச் சாமி சிலைகளுக்கு வர்ணம் அடிக்கப் போனார்கள், சிலர் அங்கன்வாடிச் சுவரில் முயலும் கிளியும் வரைந்தார்கள், சிலர் பெயிண்ட் காண்ட்ராக்டில் ரோலரைப் பிடித்தார்கள். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்து, நீதிமன்றமும் கடுமை காட்டிய பிறகு, சுவர் எழுத்துக்குக் கொஞ்சம் வேலை திரும்பியது. தேர்தல் வந்தால் கைராசி எழுத்துக்காரர்களை இன்றும் தேடுகிறார்கள். முகம் வரையச் சொல்லி யாரும் தேடுவதில்லை.

பள்ளிக்கூடத்தில் படம் வரைகிற பிள்ளைக்கு இந்தப் பக்கம் திறந்திருந்த வழி ஒன்றே ஒன்றுதான்: டிராயிங் மாஸ்டர் ஆவது. அரசுத் தேர்வுத் துறை நடத்தும் லோயர், ஹையர் ஓவியத் தேர்வு இரண்டையும் எழுதி, தொழில் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருப்பது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரி, அதை விட்டால் கும்பகோணம் என்று அரசுக் கவின்கலைக் கல்லூரி இரண்டே ஊரில். நிலம் விற்று டாக்டருக்குப் படிக்க வைப்பார்கள். ஓவியத்துக்கு யாரும் விற்றதில்லை. 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் எடுத்தது. சம்பளம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் போராடுவதும் தொடர்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் ஓவியம் வரைந்து மாநில அளவுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பின்னால் இப்படி ஒரு பகுதிநேர ஆசிரியர் நிற்பதுண்டு.

நவீன ஓவியம் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது பத்திரிகைக் கட்டில். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து சோழமண்டல் கலைக் கிராமத்தைத் தொடங்கியதும், பாத்திக் துணி விற்று வயிற்றைப் பார்த்துக்கொண்டே ஓவியம் வரைந்ததும் தேனியில் யாருக்கும் சேதியாக எட்டவில்லை. ஆனால் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ வந்தபோது கூடவே கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளும் வந்தன. சலூனில் முறைக்குக் காத்திருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். மூக்கு இருக்கிற இடத்தில் மூக்கு இல்லையே என்று கேட்டவர்களும், இது எங்க பெரியப்பா மாதிரியே இருக்கே என்றவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ட்ராட்ஸ்கி மருதுவின் குதிரைகளும் வீரர்களும் அதே வழியாக வந்தார்கள். மதுரையைக் கோட்டோவியமாக அங்குலம் அங்குலமாக வரைந்த மனோகர் தேவதாஸை இங்கே பலர் அறிந்ததும் அச்சில்தான். மூலத்தைப் பார்த்தவர் அரிது. அச்சில் பார்த்தது குறைவான அனுபவம் என்று கேலரிக்காரர்கள் சொல்வார்கள். சலூன் பெஞ்சில் நடந்த அந்த வாதம் எந்தத் திறப்பு விழாவிலும் நடந்து நான் கேட்டதில்லை.

இன்று நிலைமை வேறு. தேனிக்காரருக்குப் பெரிய கண்காட்சி எது பக்கம் என்று வரைபடத்தில் பார்த்தால் விடை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சென்னை 500 கிலோமீட்டர், கொச்சி அதில் பாதிக்கும் குறைவு. கொச்சியில் புறப்படும் தேசிய நெடுஞ்சாலை 85 மூணாறு ஏறி, போடி மெட்டில் இறங்கி, தேனி வழியாகத்தான் மதுரைக்குப் போகிறது. 2012 டிசம்பர் 12-ஆம் தேதி போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் தொடங்கிய கொச்சி-முசிறி பினாலே வளர்ந்தது ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் ஹவுஸில். 1867-இல் தொடங்கிய ஒரு வணிக நிறுவனத்தின் கட்டடம் அது. மிளகும் இஞ்சியும் தேங்காய் எண்ணெயும் ஏற்றுமதியான குடோன். 2014 பினாலேயில் திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியாள், சாம்பிராணி, பட்டை, கிராம்பு போன்ற வாசனைப் பொருட்களைக் குழைத்துச் செய்த சிற்பங்களை வைத்தார். பார்க்கிறவர் மூக்குக்கும் வேலை இருந்தது. போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற குடோனில் வளர்ந்த ஒருவருக்கு அந்த அறையைப் புரியவைக்கச் சுவரில் ஒட்டிய ஆங்கிலக் குறிப்பு தேவைப்படாது. போடியிலும் உயரமான கூரையும் நல்ல வெளிச்சமுமாகக் காலியாகக் கிடக்கும் குடோன்கள் உண்டு. சும்மா சொல்லி வைக்கிறேன்.

சென்னையிலும் சுவர்கள் கொஞ்சம் இளகியிருக்கின்றன. 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே, பறக்கும் ரயில் நிலையம் போன்ற பொது இடங்களிலும் படங்களை மாட்டியது. 2024 இறுதியில் தொடங்கிய அதன் நான்காம் பதிப்பில் ‘வானேறும் விழுதுகள்’ என்ற தமிழ்ப் புகைப்படக்காரர்களின் கண்காட்சியைத் தொகுத்தவர் ஜெய்சிங் நாகேஸ்வரன். எங்களுக்கு அடுத்த வாடிப்பட்டிக்காரர். சாதியைச் சொல்லிப் பள்ளியில் இடம் மறுக்கப்பட்ட காலத்தில் அவர் பாட்டி பொன்னுத்தாய் வாடிப்பட்டியிலேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பிய ஜெய்சிங், தன் வீட்டையும் குடும்பத்தையும் எடுத்த படங்கள்தான் ‘ஐ ஃபீல் லைக் எ ஃபிஷ்’ என்ற தொகுப்பு. மதுரைப் பக்கம் ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்த எம். பழனிகுமார் துப்புரவுத் தொழிலாளர்களை எடுத்தார், மீன் விற்கும் தன் அம்மாவை எடுத்தார். 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அது அவருக்குத்தான் வந்தது. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்துச் சொல்லித்தருவதையும் அவர் விடாமல் செய்கிறார்.

பழைய அணைக்கட்டுப் புகைப்படங்களோடு இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் எது மாறியது என்று எனக்குப் புரிகிறது. அந்தக் காலத்துப் பொறியியல் படங்களில் கூலியாட்கள் கல்லுக்கும் இயந்திரத்துக்கும் பக்கத்தில் அளவு காட்ட நிற்பார்கள். எவ்வளவு பெரிய சுவர் என்று தெரிய ஓர் ஆள் உயரம் வேண்டும், அதற்காக நிற்கிறவர்கள். பழனிகுமாரின் படங்களில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு, ஊர் உண்டு, எடுத்தவரோடு பேச்சு உண்டு. எங்கள் மலையில் இதைச் செய்தது சினிமாதான் என்பேன். லெனின் பாரதி இயக்கி, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்து, 2018-இல் வந்த ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் ஏலக்காய் மூட்டை சுமந்து ஒற்றையடிப் பாதையில் போகிறவர்களைக் கேமரா அவசரப்படாமல் பின்தொடர்கிறது. அழகான மலை என்று ஒரு இடத்திலும் அது நம்மிடம் சொல்வதில்லை. ஈஸ்வரின் சில ஃபிரேம்களைப் பெரிதாக அச்சிட்டு மாட்டினால் நான் வரிசையில் நின்று பார்ப்பேன்.

எல்லோர் கையிலும் கேமரா வந்ததை மட்டும் வைத்து மகிழ்ச்சிப்பட எனக்குத் தயக்கம். 2023 மே 27-ஆம் தேதி அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் நுழைந்தது. தெருவில் ஆட்டோவைத் தள்ளிவிட்டு ஓடிய யானையை மொட்டைமாடி தோறும் போன்கள் பின்தொடர்ந்தன. 144 தடை போட்டார்கள். யானை ஓடியதில் அடிபட்டவர் ஒருவர் பிறகு ஆஸ்பத்திரியில் இறந்தார். யானை ஒதுங்கி நின்ற தோப்புக்கு மேலே யூடியூப் படத்துக்காக ஒருவர் ட்ரோனைப் பறக்கவிட, அது மிரண்டு மறுபடி ஓடியது. ஜூன் 5-இல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு போனார்கள். அந்தப் பத்து நாளில் பள்ளத்தாக்கில் எடுத்த படங்கள் அதற்கு முந்தைய நூறு ஆண்டில் எடுத்தவற்றைவிட அதிகமாக இருந்தால் ஆச்சரியமில்லை. இன்று அவற்றில் பாதி போன் மாற்றும்போது அழிந்திருக்கும். மலையை விட்டு இறக்கப்பட்ட ஒரு விலங்கின் முகத்தை நின்று பார்த்து எடுத்த படம் ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று நானும் தேடித்தான் பார்க்கிறேன்.

தேடுவதற்கு இன்னொரு குவியலும் இருக்கிறது. 2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்து சென்னைக்கு வாரம் மூன்று நாள் ரயில் போகிறது. 2010 கடைசியில் மீட்டர் கேஜ் நின்ற பிறகு பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் போடிக்கு ரயிலே இல்லை. ராத்திரி ஏறினால் காலையில் இறங்கி, சாயங்காலத்துக்குள் இரண்டு கண்காட்சி பார்த்துவிடலாம். சில மாதங்களுக்கு முன் அப்படிப் போன ஒரு பயணத்தில் எதிர் சீட்டில் இருந்தவர் கம்பம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவராக அமைந்தார். கண்ணாடி நெகட்டிவ்களை அவர் அப்பா சுடுதண்ணீரில் ஊறவைத்து, படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்தக் கண்ணாடியையே பிரேம் போடப் பயன்படுத்தினாராம். ஃபிலிம் நெகட்டிவ் பிறகு வெள்ளி எடுக்கிறவர்களிடம் எடைக்குப் போனது. பாதிக்கு மேல் போய்விட்டது, மீதி பரணில் அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது என்றார். மேலுறையில் தேதியும் பெயரும் பென்சிலில் எழுதியிருக்குமாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியில், தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி ஸ்கேன் செய்த திட்டத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். பரணில் இருக்கிறவற்றைப் பெரிதாக அச்சிட்டுக் கம்பத்திலேயே ஒரு கல்யாண மண்டபத்தில் மாட்டினால் என்ன என்று கேட்டேன். முகூர்த்தம் இல்லாத மாதமாகப் பார்த்தால் வாடகை குறைவு என்று உடனே கணக்குச் சொன்னார். ஆணி அடிக்க விடமாட்டார்கள், சவுக்குக் கட்டையில் தட்டி கட்டிக்கொள்ளலாம் என்றார். திண்டுக்கல் வரும்வரை இதே பேச்சு. படுத்த பிறகுதான் எழுந்து உட்கார்ந்து சொன்னார்:

“அண்ணே, ஒண்ணு மட்டும். உறையில பேரு இருக்கில்ல, அந்த வீட்ல போயி ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டுவோம். பொம்பளப் பிள்ளைக படத்த கேக்காம வச்சு எங்கப்பா ரெண்டு தடவ ஷோகேஸ் கண்ணாடி மாத்திருக்காரு.”